ஆளில்லாத படம்

அண்மையில் சிலிம் ரிவரில் ஒரு நண்பரின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். தம் பாட்டனார் பிறந்த கம்பம் பள்ளத்தாக்கைக் கண்டு திரும்பியிருந்த அவர், தேக்கடியில் தாம் எடுத்த புகைப்படம் ஒன்றை ஆவலோடு காட்டினார். பெரியாற்று நீர் மலைச் சுரங்கத்தை நோக்கிச் செல்லும் மதகின் படம் அது. வெயிலும் நிழலும் அளவாய் அமைந்திருந்தன. "யாரும் குறுக்கே வராதிருக்க அரைமணி நேரம் காத்திருந்து எடுத்தேன், அண்ணே. ஆள் நின்றால் அழகு கெட்டுவிடும்" என்றார்.

அச்சொல் என் மனத்தில் தைத்தது. மனிதர் கையால் ஆன ஒன்றை, மனிதரை விலக்கிவிட்டுக் காட்டினால் அது உண்மையான படமாகுமா?

அந்தச் சுரங்கம் எவ்வாறு உண்டாயிற்று? 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பாழாக்கிய பஞ்சத்தில் இலட்சக்கணக்கான மக்கள் மாண்டனர். மேற்கே ஓடி அரபிக் கடலிற் கலந்த பெரியாற்றைக் கிழக்கே திருப்ப வேண்டும் என்னும் பழைய யோசனை அதன் பின்னரே கைகூடிற்று. பென்னிகுயிக் என்னும் எஞ்சினீயரின் தலைமையில் 1887-இல் வேலை தொடங்கிற்று. ஆற்றை அணையிட்டுத் தேக்கி, ஒரு மைலுக்கு மேற்பட்ட நீளம் மலையைக் குடைந்து, 1895-இல் அந்நீரை வைகைப் பக்கம் திருப்பினர். மதுரைச் சீமையின் வயல்கள் பல அதனால் விளைந்தன.

பென்னிகுயிக்கின் படத்தை இன்றும் அப்பகுதி மக்கள் வீட்டுச் சுவரில் மாட்டுகின்றனர். 2013-இல் லோயர் கேம்ப்பில் அவருக்கு நினைவு மண்டபமும் திறக்கப்பட்டது. இது நன்றியுடைமை, இதனைக் குறை கூறுவார் எவருமிலர். ஆயினும், பாறையில் துளையிட்டவர் யார்? வெடி வைத்தவர் யார்? காட்டில் மலைக்காய்ச்சலுக்கு இரையானவர் யார்? அவர்களது பெயரை எந்தச் சுவரில் காண்கிறோம்? ஒருவருக்கு மாலை சூட்டிவிட்டால் மற்றவர்களை மறக்கலாம் என்று நாம் எண்ணுகிறோம். மேலே நிற்பவர் ஒருவருக்கே பெயர் உண்டு, கீழே உழைப்பவர் வெறுங் கூட்டம் என்னும் இந்நினைப்பு, சாதி நமக்குக் கற்பித்த பாடமன்றி வேறென்ன?

இவ்விடத்தில் பிரான்சு தேசத்துச் செய்தி ஒன்று நினைவிற்கு வருகிறது. நாடார் என்னும் புனைபெயர் பூண்ட புகைப்படக்காரர் ஒருவர் (நம் நாட்டுச் சாதிப் பெயருக்கும் அதற்கும் தொடர்பில்லை) 1860-களில் பாரிஸ் நகரின் நிலவறைகளை மின்விளக்கின் ஒளியில் படம் எடுத்தார். அக்காலத்தில் இருளில் ஒரு படம் பதிய 18 நிமிஷம்வரை ஆகும். உயிருள்ள மனிதன் அத்தனை நேரம் அசையாதிருத்தல் அரிது. ஆகவே பொம்மைகளுக்குத் தொழிலாளர் உடையை உடுத்தி, வேலை செய்வது போல் நிறுத்தினார். உழைப்பவன் அசைவான், அசைகிறவன் அந்நாளைய காமிராவிற் பதியான். அசையாத கல்லும் நாற்காலியில் அமர்ந்த எஜமானனும் தெளிவாய்ப் பதிவர்.

அது கருவியின் குறை. இன்றோ ஒரு நொடியின் சிறு கூற்றில் பறக்கும் பறவையையும் பிடித்துவிடலாம். இன்றும் உழைப்பாளி படத்தில் இல்லையென்றால், குறை கருவியுடையதன்று, நம்முடையது.

நண்பர் சும்மா இருக்கவில்லை. "நீங்கள் சொல்வது சரிதான், அண்ணே. ஆனால் நூறாண்டுக்கு முன் இறந்தவர்களை நான் எப்படிப் படம் பிடிப்பது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இறந்தவரைக் காமிரா காட்டாது. ஆனால் படத்தின் கீழே எழுதக் கைக்கு வலிமை உண்டு. "பெரியாற்றுச் சுரங்கம்" என்று மட்டும் எழுதினால் அது மலையின் படம். "பெயர் அறியப்படாத தொழிலாளர் பலர் குடைந்தது" என்று ஒரு வரி சேர்த்தால், பார்ப்பவன் கண் அவர்களைத் தேடும்.

இவ்வழக்கு மதுரைச் சீமையோடு முடிவதன்று. 1942, 1943-ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட இரயில் பாதையில், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர் எத்தனையோ ஆயிரவர் மடிந்தனர். அங்கு இறந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாய்ப் பெயர் பொறித்த கற்கள் நிற்கின்றன. நம்மவர்க்கு ஆளுக்கொரு கல் இல்லை. பெயரை எழுதி வைத்தவர்க்கும் எழுதி வைக்காதவர்க்கும் உள்ள வேற்றுமை இது.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய தோட்டத்துப் படம் ஒன்று கிடக்கலாம். நடுவில் நாற்காலியில் துரை; இருபுறமும் கிராணிமார்; பின்னே, பால்வாளி தூக்கிய கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கும் நம் பாட்டன் பாட்டிமார். துரையின் பெயரை யாரேனும் எழுதி வைத்திருப்பர். மற்றவர் பெயரை எழுதினோமா? தோட்டங்கள் பல கைமாறிவிட்டன. லயங்கள் பல இடிந்துவிட்டன. அம்முகங்களை அடையாளம் காட்டக்கூடிய முதியோர் இன்னும் சிலர் இருக்கின்றனர். இன்றே அப்படத்தை எடுத்துக்கொண்டு அவர்களிடம் செல்லுங்கள். இவர் யார், அவர் யார் என்று கேட்டுப் படத்தின் பின்புறம் எழுதுங்கள். அம்முதியோர் மறைந்துவிட்டால், அப்படமும் ஆளில்லாத படமே ஆகிவிடும்.