கடமை எங்கே முடிகிறது?

வீட்டின் பின்புறத்துக் கழிவுநீர்த் தொட்டி நிறைகிறது. லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போகிறது. பணத்தைக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்துகிறோம். அந்தக் கசடு எங்கே போயிற்று என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? கூலி கொடுத்ததோடு நம் கடமை தீர்ந்ததா?

ஏரியிலும் ஓடையிலும் அதைக் கொட்டுவோர் உண்டு. இரவில் பாதாளச் சாக்கடையின் மூடியைத் திறந்து ஊற்றுவோரும் உண்டு. சாக்கடைக்குரியது சாக்கடைக்குத்தானே போகிறது என்று தோன்றலாம். அப்படியன்று. ஆண்டுக்கணக்கில் அடியில் படிந்த கசடு, சாதாரணக் கழிவுநீரைவிடப் பல மடங்கு செறிவுடையது; மணலும் துணியும் கலந்தது. கண்ட இடத்தில் ஒரேயடியாகக் கொட்டினால் குழாய் அடைபடும். சுத்திகரிப்பு நிலையத்தின் நுண்ணுயிர்களும் செயலிழக்கும். அடைப்பை நீக்க யாரோ ஒருவர் குழிக்குள் இறக்கப்படுகிறார். அங்கே ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சுவாயு காத்திருக்கிறது.

பாதுகாப்பின்றி மனிதரை இவ்வாறு இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இறந்தோர் குடும்பத்திற்கு 10 லட்சம் ரூபாய் வழங்க 2014-இல் ஆணையிட்ட உச்சநீதிமன்றம், 2023-இல் அதனை 30 லட்சமாக உயர்த்தியது. இழப்பீடு உயர்ந்தது; சாவு நிற்கவில்லை. இறங்குபவர் பெரும்பாலும் எந்தச் சமூகத்தில் பிறந்தவர் என்பதும் நமக்குத் தெரியும். ஒரே அப்பத்தில் பங்குகொள்ளும் நாம் இதைத் தெரியாததுபோல் இருக்கலாகாது.

“மற்றது லாரிக்காரர் பாடு, நகராட்சி பாடு” என்பார் சிலர். அவர்களுக்கும் பொறுப்பு உண்டு, மறுப்பதற்கில்லை. ஆயினும் தொலைவிலுள்ள முறையான இடத்திற்குச் செல்ல டீசல் வேண்டும், நேரம் வேண்டும். நாம் பேரம் பேசிக் குறைக்கும் ஒவ்வொரு ரூபாயும் அந்த ஓட்டுநரை அருகிலுள்ள ஓடையை நோக்கித் தள்ளுகிறது. குற்றம் அவர் கையால் நிகழ்ந்தாலும் அதில் நமக்கும் பங்கு உண்டு.

வழி இல்லாமலில்லை. திருச்சிராப்பள்ளி மாநகரில் லாரிகள் கசடை இறக்கக் குறிப்பிட்ட கழிவுநீரேற்று நிலையங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. அங்கே அது மற்றக் கழிவுநீரோடு கலந்து சுத்திகரிப்புக்குச் செல்கிறது. “எங்கே கொண்டுபோய் இறக்குவீர்கள்?” என்று ஓட்டுநரைக் கேட்பதும், அதற்குரிய கூலியை மனமுவந்து கொடுப்பதும் நம்மால் இயலாதவையல்ல.

பாளையத்துக்கு வெளியே கழிவை மண்ணால் மூடவேண்டும் என்று இணைச்சட்டம் 23-ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. அதற்கு அது கூறும் காரணம், ஆண்டவர் அந்தப் பாளையத்தினூடே உலவுகிறார் என்பது. நம் தெருவிலும் அவர் உலவுகிறார். அடைபட்ட குழிக்குள் இறங்குபவரிலும் இருக்கிறார். தம்பி எங்கே என்று காயினைக் கேட்டவர், அந்த மனிதரைப் பற்றி நம்மையும் கேட்பார். கூலி கொடுத்துவிட்டோம் என்பது அதற்கு விடையாகுமா?