தாம்பரத்தில் ஒரு வாதம்

1938 டிசம்பரில், தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரி வளாகத்தில் உலக மிஷனரி மாநாடு கூடியது. கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டு இங்கே குடிவந்ததே 1937இல்தான். மாநாட்டுக்கென்றே ஹாலந்து அறிஞர் ஹென்ட்ரிக் கிரேமர் தடிமனான நூல் ஒன்று எழுதியிருந்தார். கிறித்துவத்துக்கும் மற்ற சமயங்களுக்கும் நடுவே பாலம் போட முடியாது என்பது அவர் கட்சி.

மறுத்தவர்களில் ஒருவர், அதே கல்லூரியில் பல்லாண்டு தத்துவம் கற்பித்த ஏ.ஜி. ஹாக். மதம் பரப்ப வந்த ஸ்காட்லாந்துக்காரர்தான். ஆனால் கர்மக் கோட்பாட்டைப் பொறுமையாகப் படித்து, 1909இல் அதைப் பற்றி நூலே வெளியிட்டவர். வேதாந்தத்தின் அறநெறி குறித்து முதுகலைக்கு ஆய்வேடு எழுதிய இவரது மாணவர் ராதாகிருஷ்ணன், பின்னாளில் குடியரசுத் தலைவரானார். மிஷனரிகளின் விமர்சனம் சுட்டதால்தான் இந்து நூல்களுக்குள் ஆழமாகப் போனேன் என்று அவரே பதிவு செய்திருக்கிறார். நல்ல சூடுதான்!

கிரேமரையும் படிக்காதவர் என்று தள்ள முடியாது. இந்தோனேசியாவில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து, இஸ்லாத்தை ஆழ்ந்து கற்றவர் அவர். பிற சமயத்தைப் படித்த இருவர், தாம்பரத்தில் எதிரெதிர்த் திசையில் நின்றார்கள். எனக்கு அந்த மாநாட்டில் பிடித்த செய்தியே இதுதான்.