கருப்பு யாருக்குக் காவல்?

அக்கா மகனுக்கு எட்டு வயது. போன மாதம் என் சட்டைப் பையில் இருந்த ஐந்து ரிங்கிட் காணாமல் போனது. கேட்டேன். “நான் எடுக்கல மாமா” என்றான். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. “எடுக்கலன்னா விடு. ஆனா முனி பாத்துக்கிட்டுதான் இருக்காரு. பொய் சொல்ற பிள்ளைங்கள ராத்திரி தேடி வருவாரு” என்றேன். இரண்டே நிமிடத்தில் நோட்டு என் கைக்கு வந்துவிட்டது. வேலை சுலபமாக முடிந்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

அன்றிலிருந்து அவன் தனியாகக் கழிவறைக்குப் போவதில்லை. விளக்கை அணைத்தால் அழுகிறான். போர்ட் கிள்ளானில் எங்கள் பிளாட்டுக்குக் கீழே, மரத்தடியில் ஒரு சின்ன முனியாண்டி கோயில் இருக்கிறது. பள்ளி பஸ் ஏற அந்த வழியாகத்தான் போக வேண்டும். இப்போது சுற்றிப் போகலாம் என்று அக்காவின் கையைப் பிடித்து இழுக்கிறான்.

இப்படி ஆகும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ‘விடாது கருப்பு’ பார்த்தவன் நான்.

90களின் பிற்பாதியில் சன் டிவியில் வந்த ‘மர்மதேசம்’ வரிசையில், ‘ரகசியம்’ முடிந்ததும் தொடர்ந்த கதை அது. இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கினார். பெரியவர்களுக்காக எடுத்த தொடர்தான். ஆனால் அதை மறக்க முடியாமல் இன்றும் பேசுகிறவர்கள், அன்று போர்வைக்குள்ளிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்த பிள்ளைகள். நான் அந்தத் தலைமுறை இல்லை. 2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையின்போது வீட்டில் அடைந்து கிடந்த நாட்களில், யூடியூப்பில் இரவிரவாகப் பார்த்து முடித்தேன்.

ஒரு கிராமம். தப்பு செய்தவர்களைக் குதிரையில் வரும் கருப்பு தண்டிக்கிறது. ஊரே அப்படித்தான் நம்புகிறது. முடிச்சு அவிழும்போது அங்கே நிற்பவன் ராஜேந்திரன். சிறுவனாக இருந்தபோது கருப்பை நினைத்து நடுங்கியவன். அந்தப் பயம் அவனுக்குள்ளேயே குடியேறி, அவனை இரண்டாகப் பிளந்து, அவனுக்கே தெரியாமல் அவனையே கருப்பாக ஆக்கியிருக்கிறது. இத்தனை வருடத்துக்குப் பிறகு முடிவைச் சொல்லிவிட்டேன் என்று யாரும் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள்.

முதல் முறை பார்த்தபோது ‘யார் கொலைகாரன்’ என்பதுதான் எனக்குக் கேள்வி. இப்போது வேறொன்று உறுத்துகிறது. பயத்தால் ஒருவனை நல்லவனாக்க முடியுமா? முடியும் என்றாலும், அதைச் செய்யலாமா?

முடியுமா என்பதற்கு நான் வேலை செய்யும் கண்டெய்னர் யார்டில் ஒரு பதில் கிடைத்தது. ஒரு வாரம் இரண்டு கேமராக்கள் பழுதாகிவிட்டன. இரண்டாம் நாளே அந்தப் பகுதியில் தலைக்கவசங்கள் கழன்றன, போர்க்லிப்ட் வண்டிகள் வேகம் பிடித்தன. ஒரு வயதான ஓட்டுநர் மட்டும் எப்போதும் போல பெல்ட் போட்டு, திருப்பத்தில் ஹார்ன் அடித்து மெதுவாகப் போனார். கேட்டதற்கு, “முன்ன ஒரு எடத்துல ஒருத்தன் காலு நசுங்குனத பாத்திருக்கேன் தம்பி. கேமராவுக்கா நான் ஓட்டுறேன்?” என்றார்.

அவருக்கும் பயம் இருக்கிறது. ஆனால் அது மாட்டிக்கொள்வோம் என்ற பயம் இல்லை, இன்னொருவனுக்கு அடிபட்டுவிடும் என்ற பயம். அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவதை அறிவுடைமை என்றுதான் வள்ளுவரும் சொல்கிறார். நான் பையனுக்குக் கொடுத்தது அந்த அறிவு இல்லை. ஒருநாளும் பழுதாகாத ஒரு கேமராவைத் தூக்கி அவன் தலைக்குள் மாட்டிவிட்டேன். அதை அணைக்கும் பொத்தான் என்னிடமும் இல்லை, அவனிடமும் இல்லை.

அப்பா இதை ஒத்துக்கொள்ளவில்லை. “எங்களையும் முனியச் சொல்லித்தான் வளத்தாங்க. கெட்டா போயிட்டோம்?” நியாயமான கேள்வி. அப்பா கேரித் தீவில் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். “சின்ன வயசுல முனிய நெனச்சா எப்படிப்பா இருக்கும்?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். “இருட்டுல செம்பனைக் காட்டு வழியா நடந்து வரும்போது, அவரு பக்கத்துலயே வர்ற மாதிரி இருக்கும்” என்றார்.

எனக்கு அதுதான் விடை என்று பட்டது. அப்பாவுக்கு முனி வழித்துணை. பையனுக்கு நான் காட்டிய முனி வழிமறிப்பவர்.

காட்டை அழித்துத் தோட்டம் போட வந்த சனங்கள் எல்லையில் முனியையும் கருப்பையும் நட்டுவைத்ததற்குக் காரணம் இருக்கிறது. பாம்புக்கும் காய்ச்சலுக்கும் மட்டுமல்ல, மனிதருக்கும் பயந்து வாழ்ந்தவர்கள் அவர்கள். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் போன்றவர்கள் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வோடு சேர்ந்து வைத்த கோரிக்கைகளில் ஒன்று, துரைமாரைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பது. அவ்வளவு பயம் மேலிருந்து கீழே வந்துகொண்டிருந்த இடத்தில், கீழே இருப்பவன் பக்கம் அரிவாளோடு நிற்க ஒருவர் தேவைப்பட்டார். சட்டம் தொடாதவனையும் தொடுவார் என்ற நம்பிக்கை அது. காவல் தெய்வத்தின் பயம் பலசாலிக்கானது.

அந்த அரிவாளை வீட்டிலேயே மிகச் சிறியவன் பக்கம் நான் திருப்பிவிட்டேன். எனக்கு முனி மேல் பெரிய நம்பிக்கைகூடக் கிடையாது. நம்பாத ஒரு சாமியைக் கருவியாக எடுத்தேன். தொடரில் வரும் ஊர்க்காரர்களாவது தாங்கள் சொன்னதை நம்பினார்கள்.

இன்னொன்று. அவன் ஏன் பணத்தை எடுத்தான் என்று நான் கேட்கவே இல்லை. மூன்று வாரம் கழித்துத்தான் கேட்டேன். கூட்டாளியின் கலர் பென்சிலைத் தொலைத்துவிட்டானாம், வாங்கிக் கொடுக்க வேண்டுமாம். அவனுக்குள் ஒரு நியாயம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. உட்கார்ந்து பேசியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டே பொய்யின் தப்பையும் காட்டியிருக்கலாம். அதற்கு அரைமணி நேரம் ஆகியிருக்கும். பயம் இரண்டே நிமிடத்தில் முடித்துக்கொடுத்தது.

போன ஞாயிற்றுக்கிழமை பகலில் அவனைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்குப் போனேன். கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டான். “முனி உன்னப் பிடிக்க வருவாருன்னு மாமா சொன்னது பொய்டா. தப்பு” என்றேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் காதில் மெதுவாகக் கேட்டான்: “அப்ப, பொய் சொன்னதுக்கு ஒங்கள பிடிக்க வருவாரா?”

“வரமாட்டாரு. ஆனா உன்கிட்ட நான் மன்னிப்பு கேக்கணும்” என்றேன். கேட்டேன்.

இரவு விளக்கு இன்னும் எரிகிறது. அணைக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.