மூட்டைக்காரரின் டிக்கெட்

சோத்துக்கே வழியில்லாத நாட்டுக்கு சினிமா எதற்கு என்பவர்கள் புர்க்கினா ஃபாஸோவைக் கொஞ்சம் பார்க்கலாம். மேற்கு ஆப்பிரிக்காவில் கடற்கரையே இல்லாத பரம ஏழை நாடு. அப்பர் வோல்ட்டா என்ற பழைய பெயரில் இருந்தபோதே, 1970-ல், பிரெஞ்சுக் கம்பெனிகளின் பிடியிலிருந்த தியேட்டர்களை அரசுடைமை ஆக்கினார்கள். டிக்கெட் காசில் ஒரு பங்கு உள்ளூர்ப் படங்களுக்கு. 1976-ல் தலைநகர் வாகடூகுவில் ஒரு சினிமாப் பள்ளி. அதில் படித்த இத்ரிஸா வெத்ராகோவின் 'திலாய்' 1990-ல் கேன்ஸில் கிராண்ட் ப்ரீ வாங்கியது. (பள்ளியை 1987-லேயே மூடிவிட்டார்கள் என்பது தனி சோகம்.)

சரி, மூட்டை தூக்குகிறவர் குங்ஃபூ படம் பார்க்கக் கொடுத்த காசில், அவர் எட்டிக்கூடப் பார்க்காத கலைப்படம் எடுப்பது நியாயமா? லேசில் தள்ளிவிட முடியாத கேள்வி. ஆனால் அவர் காசு வேண்டாமென்றால் பாரிஸில் போய்க் கையேந்த வேண்டும். அதே வட்டாரத்து செனகலில், செம்பேன் 1968-ல் பிரெஞ்சு அரசு உதவியோடு 'மண்டாபி' எடுத்தார். தன் ஜனங்களின் வோலோஃப் மொழியில் எடுத்தால் போதவில்லை. பணம் கொடுத்தவர்களுக்காக பிரெஞ்சிலும் ஒருமுறை எடுக்க வேண்டியிருந்தது. மூட்டைக்காரர் அப்படி எந்த நிபந்தனையும் போடுவதில்லை. அவர் காசில் எடுத்த படத்தை அவர் தெருவுக்கே கொண்டுபோய், வெள்ளைத்துணி கட்டிக் காட்டலாம். டிக்கெட் கேட்காமல்.