விளையாட்டும் புத்தியும்

எங்கள் தெருவில் ஓர் அம்மாள் இருக்கிறார். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஒரு நாள் இரவு என்னை வழிமறித்துக் கேட்டார்: "ஏனுங்கண்ணா, செல்போன்ல விளையாடினா பையனுக்குப் புத்தி வளருமுங்களா?"

காலை எட்டரைக்குப் போனால், ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரைக்குத்தான் அவர் வெளியே வருவார். பள்ளிக்கூடம் விட்டு வரும் பத்து வயது மகனுக்கு அதுவரை செல்போன்தான் துணை. 'வளரும்' என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் அவர் நிம்மதியாகத் தூங்குவார்.

அப்படிச் சொல்ல ஆதாரமும் இல்லாமலில்லை. 2003-இல் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் கிரீன், பவேலியர் என்னும் இருவர், வீடியோ கேம் பழகாத சிலரை நாளுக்கு ஒரு மணி வீதம் 10 நாள் சண்டை விளையாட்டு ஆட வைத்தார்கள். கண்ணின் கவனம் கூர்மையடைந்தது மெய். ஆனால் 2018-இல் பல ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்த அறிஞர்கள், பொதுப் புத்திக்கு இதனால் சொல்லத்தக்க லாபமில்லை என்றார்கள். 'மூளைப் பயிற்சி' ஆட்டங்கள் விற்ற லூமோசிட்டி நிறுவனமோ, ஆதாரமின்றி விளம்பரம் செய்ததாக வந்த வழக்கில், 2016-இல் 20 லட்சம் டாலர் கட்ட நேர்ந்தது.

இதில் வியப்பென்ன? அந்த அம்மாளையே பாருங்கள். கையில் புரளும் துணியில் ஊசித் துளையோ, எண்ணெய்க் கறையோ, விட்டுப்போன தையலோ அவர் கண்ணுக்குத் தப்பாது. அதைப் புத்தி என்று யாரும் கொண்டாடுவதில்லை. கூலி கொடுத்துக் கணக்கை முடித்துவிடுகிறோம். மகன் திரையில் எதிரியைக் கண்டுபிடித்தால் மட்டும் 'புத்திசாலி' என்கிறோம். இரண்டும் பழக்கம் தீட்டிய கூர்மைதான். அரிவாள்மணையைத் தீட்டினால் அரிவாள்மணைதான் கூராகும், அடுப்பு எரியாது.

அதனால் விளையாட்டு வீண் என்று சொல்வேனா? மாட்டேன். நம் பாட்டிமார் மூளையை வளர்க்கவா பல்லாங்குழி ஆடினார்கள்? சந்தோஷம் ஒன்றே போதுமான நியாயம். ஆனால் அந்த ஆட்டத்துக்கு எதிரே ஓர் ஆள் உட்கார வேண்டியிருந்தது.

"புத்தி வளராதம்மா. ஆனால் ஞாயிற்றுக்கிழமை நீங்களும் அவனோடு ஓர் ஆட்டம் ஆடிப் பாருங்கள்" என்றேன்.

"நானுங்களா? தோத்துப் போவனுங்க" என்று சிரித்தார்.

ஞாயிறு வந்தது. ஷிப்மென்ட் நெருக்கடி, கம்பெனியில் அன்றும் வேலை. யோசனை சொன்னவன் நானாயிற்றே! மாலையில் போய் அந்தப் பையன் எதிரே உட்கார்ந்தேன். மூன்று ஆட்டமும் தோற்றேன். என் புத்தி அணுவளவும் வளரவில்லை. ஆனால் அன்று அவன், தாய் வரும் நேரத்தை ஒரு முறைகூடக் கேட்கவில்லை.