கூடமாட ஒத்தாசை

ஆரணியில் நெசவு வீட்டுப் பெண் ஒருவரிடம் "என்ன வேலை செய்றீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "சும்மாதான் இருக்கேன். தறியில அவருக்குக் கூடமாட ஒத்தாசை பண்ணுவேன்" என்பார். எங்கள் தெருவில் இந்தப் பதிலைக் கேட்டே வளர்ந்தேன். என் அம்மாவும் இதைத்தான் சொல்வார்.

அந்த ஒத்தாசையில் என்னென்ன அடங்கும்? பட்டு நூலை இராட்டையில் சுற்ற வேண்டும். ஊடைக்குத் தார் போட வேண்டும். பாவை நீட்டிக் கட்டும்போது அறுந்த இழையைக் கண்டுபிடித்து முடிய வேண்டும். பழைய பாவின் முனையோடு புதுப் பாவை இழை இழையாகப் பிணைக்க வேண்டும். ஒரு பாவில் இழைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். கோர்வைக் கரை என்றால் தறியில் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டாவது நாடாவைத் தள்ளவும் ஓர் ஆள் வேண்டும். நடுவில் உலையும் வைக்க வேண்டும், பிள்ளையையும் பார்க்க வேண்டும்.

இவையெல்லாம் வேலையா, ஒத்தாசையா? எனக்குத் தெரிந்த எளிய சோதனை ஒன்று உண்டு. வீட்டில் பெண் இல்லாத நெசவாளர் தார் சுற்றவும் பாவு பிணைக்கவும் வெளியாளை வைக்கிறார், கூலி கொடுக்கிறார். அப்போது அது வேலை. அதே தாரை மனைவி சுற்றினால் ஒத்தாசை. நூல் மாறவில்லை, விரல் செய்கிற காரியமும் மாறவில்லை. செய்கிறவர் அந்த வீட்டில் யார் என்பது மட்டுமே மாறியிருக்கிறது. ஆக, 'ஒத்தாசை' என்ற சொல் செய்யும் செயலைக் குறிக்கவில்லை. செய்பவரின் இடத்தைக் குறிக்கிறது.

இது பேச்சு வழக்கோடு நிற்பதில்லை. அரசின் தொழிலாளர் கணக்கெடுப்புகளிலேயே 'குடும்பத் தொழிலில் ஊதியமில்லா உதவியாளர்' என்று ஒரு வகை இருக்கிறது. 2019-20இல் நடந்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, நெசவிலும் அதன் துணை வேலைகளிலும் ஈடுபட்டோர் 35 லட்சத்துக்கு மேல் என்கிறது. அவர்களில் 72 விழுக்காட்டினர் பெண்கள். ஆனாலும் 'நெசவாளர்' என்றவுடன் நம் கண்முன் வருவது குழித்தறியில் உட்கார்ந்திருக்கும் ஓர் ஆண்.

இது புதிதல்ல. பருத்தி நூற்கும் பெண்களும், ஆண் துணையின்றி நூற்றுப் பிழைத்த பெண்களும் சங்கப் பாடல்களில் வருகிறார்கள். ஒருவருக்கும் பெயர் இல்லை. அவர்கள் நூற்ற பஞ்சும் நூலும் உவமையாகப் பயன்பட்டன. எலிசபெத் வேலண்ட் பார்பர் 1994இல் எழுதிய நூலில், உலகின் பல பகுதிகளில் துணி செய்வது பெண்களின் வேலையானதற்கு ஒரு காரணம் சொல்கிறார்: குழந்தை அழுதால் நிறுத்திவிட்டு, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரலாம், அருகில் இருக்கும் குழந்தைக்கும் ஆபத்தில்லை. வேலை பெண்களிடம் வந்த கதையை இது விளக்குகிறது. அதன் மதிப்பு குறைந்த கதையை இது விளக்காது. பிள்ளையைப் பார்த்துக்கொண்டே செய்யக்கூடிய வேலை என்பது, காலப்போக்கில் வேலையே இல்லை என்றாகிவிட்டது.

துணி மக்கும், கல் மக்காது என்பதும் உண்மை. பக்கத்துத் தேவிகாபுரம் கோயிலில் விஜயநகரக் காலக் கல்வெட்டுகளை இன்றும் வாசிக்கலாம். அந்தக் காலத்தில் யார் உடுத்திய சேலைக்கு யார் நூல் சுற்றினார் என்பதை எங்கே வாசிப்பது?

மறைந்துபோன சாதனைப் பெண்களைத் தேடிப் பட்டியலிடுவதே இதற்கு மருந்து என்று தோன்றலாம். அந்தத் தேடல் வேண்டும். சுதந்திர இந்தியாவின் கைவினைத் துறைக்கு உயிர் கொடுத்த கமலாதேவி சட்டோபாத்யாயின் பெயரில் பெண் நெசவாளர்களுக்குத் தேசிய விருது இருப்பதில் எனக்கும் மகிழ்ச்சி. ஆனால் பட்டியலுக்கு ஓர் எல்லை உண்டு. சாதனை என்றால் தனியொருவர் செய்வது, அவர் பெயரைத் தாங்குவது என்ற பழைய அளவுகோலையே அதுவும் எடுத்துக்கொள்கிறது. ஒரு பட்டுச் சேலையை எந்தத் தனியாளும் செய்வதில்லை. அப்படியானால் யார் பெயரும் வேண்டாம் என்று விட்டுவிடலாமா? விட்டால், ஏற்கெனவே எழுதப்பட்ட ஆணின் பெயர் மட்டும் அப்படியே நிற்கும்.

"அந்தப் பெண்களே ஒத்தாசை என்றுதானே சொல்கிறார்கள், நீ யார் திருத்த?" என்று ஒரு தோழி கேட்டாள். நியாயமான கேள்வி. அவர்கள் வாயில் வேறு சொல்லைத் திணிக்க எனக்கு உரிமையில்லை. ஆனால் அந்தச் சொல்லுக்கு யார் விலை கொடுக்கிறார் என்று பார்க்க வேண்டும். எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா, நாற்பது வருடம் தார் சுற்றியவர், பாவு பிணைத்தவர், கரைக்கு நாடா தள்ளியவர். பெரியப்பா இறந்த பிறகு ஓர் அலுவலகத்தில் உதவி கேட்டுப் போனார். நெசவாளர் என்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள். அட்டையில் இருந்தது பெரியப்பாவின் பெயர். நாற்பது வருடம் ஒரு தாளில்கூட இல்லை.

சேலைக்குக் கூலி ஒன்றுதான். அது எத்தனை கைகளுக்கான கூலி என்பதற்குக் கணக்கு கிடையாது. அந்தக் கணக்கை எழுதச் சொல்வதுதான் என் கோரிக்கை. தறி ஒன்றுக்கு அட்டையில் இரண்டு பெயர் இருக்கட்டும். கூலி வரும்போது இருவர் கையிலும் வரட்டும். மாணவிகளுக்கு இன்னொன்று சொல்வேன். எந்தச் சாதனையைப் பற்றிப் படித்தாலும், அந்த ஆள் உட்கார்வதற்கு முன் அந்தத் தறியில் பாவைப் பிணைத்தது யார் என்று கேளுங்கள். முதலில் உங்கள் வீட்டில் கேளுங்கள்.