ஒறுத்தலின் அளவு

குற்றத்திற்கு ஒறுப்பு வேண்டும் என்பதில் அறிவுடையோர் மாறுபடார். எவ்வளவு ஒறுத்தல் வேண்டும், அவ்வளவை வரையறுப்பார் யாவர் என்னும் இரண்டுமே மாறுபாட்டிற்கு இடனாவன. நேரிற் கண்டு ஆராய்ந்த குற்றவாளிக்கு, முறையன்றெனத் தாமே கருதும் தண்டத்தை விதிக்குமாறு சட்டம் கட்டளையிடின், நீதிபதியாயினார் யாது செய்யற்பாலர் என்பது ஈண்டு ஆராயப்படும். இவ்வினா வெறுங் கற்பனையன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில், யூட்டா மாகாணத்து ஸால்ட் லேக் நகரில், 2004 நவம்பர் 16-ஆம் நாள், பால் கஸல் என்னுங் கூட்டரசு நீதிபதி முன்னர் இஃது உண்மையாகவே எழுந்தது.

அவர்முன் நின்றவன் ஓர் இளைஞன். இசைத்தட்டு வெளியிடுந் தொழிலினன். சிறுமக்கள் இருவர்க்குத் தந்தை. 2002-ஆம் ஆண்டில் அவன் காவலர் ஏவிய ஒற்றனுக்கு மும்முறை கஞ்சா விற்றான். ஒவ்வொரு முறையும் 8 அவுன்சு. விலை 350 டாலர். இருமுறை விற்றபோது அவன்பால் துப்பாக்கி இருந்ததென ஒற்றன் கூறினான். பின்னர் வீட்டைச் சோதித்தவிடத்தும் துப்பாக்கிகள் அகப்பட்டன. அவற்றை அவன் சுட்டதுமில்லை. எவரையும் நோக்கி நீட்டியதுமில்லை. போதைப்பொருள் விற்பார் துப்பாக்கி வைத்திருப்பின் முதற் குற்றத்திற்கு 5 ஆண்டும், அதன்மேல் ஒவ்வொன்றிற்கும் 25 ஆண்டும் குறையாது விதித்தல் வேண்டும் என்பது அக்காலத்துக் கூட்டரசுச் சட்டம். அவை ஒன்றன்பின் ஒன்றாகவே கழிக்கற்பாலன. இங்ஙனம் மூன்று குற்றத்திற்கும் 55 ஆண்டாயிற்று. குற்றத்தை ஒப்புக்கொண்டு 15 ஆண்டுச் சிறைக்கு உடன்படுக என அரசின் வழக்கறிஞர் முன்னரே கூறியதனை அவன் மறுத்திருந்தான். மறுத்த பின்னரே குற்றச்சாட்டுக்கள் பெருகின. மிகுந்த 40 ஆண்டும் கஞ்சாவிற்கன்று, விசாரணை வேண்டினமைக்கே என்பாரை மறுத்தல் எளிதன்று.

அதே நாளில் அந்நீதிபதி, மூதாட்டி ஒருத்தியை மரக்கட்டையால் அடித்துக் கொன்றவனுக்கு 22 ஆண்டளவே விதித்திருந்தார். வானூர்தியைக் கவர்ந்தானுக்கு 293 மாதம், பொதுவிடத்தில் வெடிகுண்டு வெடித்தானுக்கு 235 மாதம் என்னும் அளவுகளையும் தம் தீர்ப்பில் எடுத்துக்காட்டி, இவ்விளைஞனுக்குரிய 660 மாதம் முறையற்றது, கொடிது, அறிவொடும் பொருந்தாதது என எழுதினார். எழுதியும் அதனையே விதித்தார். கஞ்சா விற்றமை முதலாய பிற குற்றங்கட்கு அவர் விதித்தது ஒரே நாள். குடியரசுத் தலைவர் இத்தண்டத்தைக் குறைத்தல் வேண்டுமென்றும், சட்டமன்றத்தார் அச்சட்டத்தைத் திருத்தல் வேண்டுமென்றும் தீர்ப்பிலேயே வேண்டிக்கொண்டார்.

தீதென அறிந்துஞ் செய்தவர் அத்தீதிற்கு உரியரல்லரோ எனின், அவ்வினா எளிதிற் கழிக்கத் தக்கதன்று. பதவி துறத்தல் தம்மைக் காத்துக்கொள்ளும், அவ்விளைஞனைக் காவாது. அவரிடத்து வருவார் ஒருவர், ஒரு சொல்லுங் கூறாது அதே 55 ஆண்டை விதித்துப் போவர். இனித் தம் கருத்தையே சட்டமாகக் கொண்டு குறைத்தாராயின், இரக்கமுடையார் குறைக்குமாறு போல வன்கண்ணர் கூட்டுதற்கும் அது வழியாகும். ஆகலின் அவர் விதித்ததனைக் குற்றமெனல் ஆகாது. ஆயினும் சட்டத்திற்குப் பணிந்தேன் என்று அமைந்திருப்பின் அது குற்றமேயாம். அமையாது, தம் கையாற் செய்த முறைகேட்டைத் தம் எழுத்தாலேயே சான்று கூறினமைதான் அவர்பாற் போற்றற்பாலது.

சட்டமன்றத்தார் அளவை வரையறுத்ததற்கும் காரணம் இல்லாமலில்லை. நீதிபதிக்கு நீதிபதி தண்டம் வேறுபடுதலும், போதை வாணிகத்தொடு துப்பாக்கி கூடியவழிக் கொலை விளைதலும் அவர் கண்டனவே. எனினும், தந்தை மகனை அடித்தல் திருத்தற்பொருட்டு. இறைவனது மறக்கருணையும் அத்தகைத்தெனச் சைவ நூலோர் கூறுவர். திருந்துதற்கு வேண்டுவதனைக் கடந்த ஒறுப்பு வெறுந் துன்பமாம். எவ்வளவில் ஒருவன் திருந்துவன் என்பது அவனைக் கண்டார்க்கன்றிப் புலப்படாது. இவ்வழக்கிற் கண்டவர் ஒருவர். அளந்தவரோ அவனைக் கண்டிராத பலர்.

மேல்முறையீட்டு மன்றமும் 2006-இல் அத்தண்டத்தை நிலைநிறுத்தியது. 2016-இல் அவன் விடுதலை பெற்றான். 2020 டிசம்பரில் குடியரசுத் தலைவரின் மன்னிப்பும் கிடைத்தது. இடையே 2018-இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. முன்னரே தண்டிக்கப்பட்டார்க்கு அத்திருத்தம் செல்லாது என்றே வகுத்தனர். அவன் சிறை புகுந்தபோது சிறாராயிருந்த மக்கள், அவன் மீண்டபோது இளைஞராயிருந்தனர்.